குறைப்பிரசவத்துக்கு இடம்கொடுக்கும் உடல்நலக் காரணங்கள்: எதை எந்த வாரத்துக்குள் கவனிக்க வேண்டும்?

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. உலக அளவில் பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. 2020-ல் மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள். எல்லாக் குறைப்பிரசவத்தையும் தடுக்க முடியாது. காரணமே தெரியாமல் வலி கண்டுவிடுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களில் பலவற்றுக்கு ஒரு கெடு உண்டு. ரத்த அழுத்த அபாயம் உள்ளவர்கள் ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பப்பை வாய் முன்கூட்டித் திறக்காமலிருக்கப் போடும் தையல் பெரும்பாலும் 12 முதல் 14 வாரத்துக்குள் போடப்படுகிறது. தேதியைச் சரியாகச் சொல்லும் ஸ்கேனுக்கு 14 வாரத்துக்கு முன் போக வேண்டும். மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஆயா சொன்னால் ஊருக்குச் சொல்ல வேண்டாம். கிளினிக்குக்கு மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்களையும், வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்து குடியேறியவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. மருந்தின் அளவுகளைக் குறிப்பிட்டிருப்பது டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருக்கத்தான். மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

முதல் கிளினிக் வருகை

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை 1994 முதல் இலவசம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும் என்று கௌடெங் உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, கையில் விசா தாள் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போக எண்ணி மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) எடுப்பவர்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. கர்ப்பம் ஆன பிறகு புதிதாகச் சேர்ந்தால் பிரசவச் செலவை 12 மாதம் வரை ஒதுக்கிவைக்கத் திட்டத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்தால் ஆகும் செலவு சாதாரணமானதல்ல.

அரசு கிளினிக்கில் எட்டு வருகைகள்: முதலாவது கூடிய சீக்கிரம், 14 வாரத்துக்குள். அடுத்து ஏறத்தாழ 20, 26, 30, 34, 36, 38, 40-ஆம் வாரங்களில். முதல் நாளே ‘மெட்டர்னிட்டி கேஸ் ரெக்கார்ட்’ புத்தகம் தருவார்கள். அதை எப்போதும் கைப்பையிலேயே வைத்திருங்கள். நடுராத்திரி வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், உங்களைப் பற்றி அங்கே உள்ள டாக்டருக்குத் தெரியப்போவது அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டும்தான். கர்ப்பிணிகளுக்கு அரசு நடத்தும் மாம்கனெக்ட் குறுஞ்செய்திச் சேவையில் பதிந்துகொள்ள கைபேசியில் *134*550# அடிக்கலாம். வாரத்துக்கு ஏற்ற குறுஞ்செய்திகள் வரும். தமிழில் வராது, ஆங்கிலம் படிக்கிற ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

முதல் வருகையில் பலர் கோட்டைவிடுவது பழைய கதையைச் சொல்லும் இடத்தில்தான். “முதல் குழந்தை கொஞ்சம் சீக்கிரம் பிறந்தது” என்றால் போதாது. எந்த வாரம், எத்தனை கிலோ, எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். வலி முதலில் வந்ததா, பனிக்குடம் முதலில் உடைந்ததா, வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்துவிட்டதா, அல்லது ரத்த அழுத்தம் ஏறியதால் டாக்டர்களே பிரசவத்தை முன்கூட்டி முடித்தார்களா? நான்குக்கும் இந்த முறை செய்ய வேண்டியது வேறு வேறு. தானாக வந்த குறைப்பிரசவம் மறுபடி வரும் வாய்ப்பைக் காட்டும் அறிகுறிகளில் முந்தைய குறைப்பிரசவமே வலுவானது. நான்காம், ஐந்தாம் மாதத்தில் கலைந்த கரு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்காகச் சதை வெட்டி எடுத்தது, கர்ப்பப்பை சுத்தம் செய்தது, வாய் முழுக்கத் திறந்த பிறகு செய்த சிசேரியன் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் பழைய கருக்கலைப்பைச் சொல்ல முடியவில்லை என்றால், சிஸ்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுபோங்கள். ரத்த அழுத்தத்துக்கு இங்கே கிளினிக்குகளில் பரவலாகக் கொடுக்கும் எனலாப்ரில் கர்ப்பத்தில் கூடாது. அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மீத்தைல்டோப்பா, நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற்றுவார்கள். மாற்று மருந்து கையில் கிடைக்காமல் தானாக நிறுத்திவிடுவதும் ஆபத்து. கர்ப்பம் என்று தெரிந்த அதே வாரம் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

தேதி தப்பினால் எல்லாம் தப்பும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாள் கூட்டினால் பிரசவத் தேதி. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கும், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கருத்தரித்தவர்களுக்கும் இந்தக் கணக்கு சரிவராது. 14 வாரத்துக்கு முன் எடுக்கும் ஸ்கேனில் பிழை ஒரு வாரத்துக்குள் நிற்கும். கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம் வரை முன்பின் ஆகலாம். பிரசவத் தேதி மூன்று வாரம் முன்னதாகப் பதிவாகிவிட்டால், 33 வாரத்தில் வரும் வலியை 36 வார வலி என்று எடுத்துக்கொண்டு, குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஊசியைப் போடாமல் விட்டுவிடுவார்கள். கிளினிக்கில் ஸ்கேனுக்கு வரிசை நீளம் என்றால், ஒரே ஒரு ஸ்கேனுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்கிற குடும்பம் அதை ஆரம்பத்திலேயே செலவழிப்பது நல்லது. ஏழாம் மாதம் குழந்தையின் முகம் பார்க்கும் ஸ்கேன் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இரட்டைக் கரு என்றாலும் இந்த முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். இரட்டையர்களில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள்.

ரத்த அழுத்தம்

குறைப்பிரசவங்களில் ஒரு பங்கு தானாக வருவதல்ல. தாயையோ குழந்தையையோ காப்பாற்ற டாக்டர்களே முன்கூட்டி எடுப்பது. அதற்கு முக்கியக் காரணம் ப்ரீ-எக்லாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதம் போவதோ கல்லீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படுவதோ சேர்ந்துகொண்டால் அந்தப் பெயர். இந்த நோய்க்கு விதை விழுவது முதல் நான்கு மாதத்தில். நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில் வேர்விடும்போது அங்கேயுள்ள ரத்தக் குழாய்கள் அகன்று கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் பிற்பாடு அழுத்தம் ஏறுகிறது. ஆஸ்பிரினுக்கு 16 வாரக் கெடு வந்தது இதனால்தான். அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. ஒரு மலிவு மாத்திரையின் வேலை இது.

முந்தைய கர்ப்பத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்திருந்தால், ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரக நோயோ லூபஸோ (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) இருந்தால், இரட்டைக் கரு என்றால், ஒன்று இருந்தாலே போதும்: “எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா?” என்று முதல் வருகையில் கேளுங்கள். தலைச்சன் கர்ப்பம், 35 வயதுக்கு மேல், உடல் பருமன், அம்மாவுக்கோ கூடப்பிறந்த அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருப்பது, கடைசிக் குழந்தைக்குப் பின் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலும் கேளுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண் ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆகாது. தலைவலிக்குக் கடையில் வாங்கும் கிராண்ட்பா பவுடர் இதற்கு மாற்று அல்ல. அதில் அதிக அளவு ஆஸ்பிரினோடு பாரசிட்டமாலும் காஃபீனும் இருக்கின்றன. அதைவிட மோசம், ப்ரீ-எக்லாம்ப்சியாவின் தலைவலியை அது மூடி மறைத்துவிடும். புரூஃபன் வகை வலி மாத்திரைகளை 20 வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

வீட்டில் அழுத்தம் பார்ப்பவர்களின் அளவு தப்பாவது பெரும்பாலும் கையில் சுற்றும் பட்டையில்தான். மேல்கையின் நடுப்பகுதியைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 33 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். சின்னதைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதிவையுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே கிளினிக். 160/110 என்றால் ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனை. எண் எதுவாக இருந்தாலும், விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலப்பக்க வலி, முகம் திடீரென வீங்குவது ஆகியவற்றுக்கும் அதே அவசரம்தான்.

பால், தயிர் அதிகம் சேர்க்காதவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ப்ரீ-எக்லாம்ப்சியாவைக் குறைக்கிறது. கிளினிக்கில் கொடுக்கிறார்கள். அதை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். ஒன்று மற்றதை உடம்பில் ஏறவிடாது. காலையில் ஒன்று, ராத்திரி மற்றது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கப் மாஸில் (இங்கே கிடைக்கும் புளித்த பால்) சுமார் 300 மி.கி. சுண்ணாம்புச் சத்து உண்டு. மோர் பிடித்தவர்களுக்கு மாஸும் பிடிக்கும்.

சர்க்கரை

நம்மவர்களுக்கு, அதாவது தெற்காசிய வம்சத்தினருக்கு, ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வரலாம். கட்டுப்படாத சர்க்கரையால் பனிக்குட நீர் மிகுந்து கர்ப்பப்பை அளவுக்கு மீறி விரியும். விரிந்தது முன்கூட்டியே வலியைத் தொடங்கும். ப்ரீ-எக்லாம்ப்சியாவும் கூடவே வரலாம். 24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ முந்தைய குழந்தை 4 கிலோவுக்கு மேல் பிறந்திருந்தாலோ முதல் வருகையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு: வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரம் கழித்து 10.0, இரண்டு மணி நேரம் கழித்து 8.5 மில்லிமோல். ஏதாவது ஒன்று எட்டினாலே கர்ப்பக்காலச் சர்க்கரை. தமிழ்நாட்டுக் கணக்கில் மி.கி. பழகியவர்கள் இங்கே 8.5 என்று பார்த்துவிட்டு “ரொம்பக் குறைவாக இருக்கிறதே” என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். 18-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 153.

ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் கால் பன்னி சௌவில் பாதிக்கு மேல் வெள்ளை ரொட்டி. அதை நிறுத்திவிட்டு அதே பீன்ஸ் கறியை ஒரு ரொட்டியோடும் கீரையோடும் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடந்தாலே எண் இறங்குவதை மீட்டரில் பார்க்கலாம். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே சர்க்கரையின் மூன்று மாத சராசரியை (HbA1c சோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயல வேண்டும்.

ரத்தசோகை

ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் சோகை. 7-க்குக் கீழே போனால் அபாயம். கிளினிக்கில் கொடுக்கும் ஃபெரஸ் சல்ஃபேட் 170 மி.கி. மாத்திரை ஒன்றில் உடம்புக்கு உதவும் இரும்பு 55 முதல் 65 மி.கி. வரைதான் இருக்கிறது. அதையும் தேநீர் தடுத்துவிடும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். ஆரஞ்சுப் பழம் அல்லது கொய்யாவோடு சாப்பிடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சிஸ்டரிடம் “போட்டேன்” என்று சொல்வதுதான் கெடுதல். மண், சாக்கட்டி, பச்சரிசி மெல்லும் ஆசை வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் மீனும் இறைச்சியும் கிடையாது என்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். கர்ப்பிணி விரதத்தோடு இருக்கலாம், பட்டினியோடு இருக்கக் கூடாது. சுகர் பீன்ஸ், பருப்பு, நிலக்கடலை, கீரை, மாஸ் எல்லாம் கூடும். ஆனால் பி12 சத்துக்கு மாதக்கணக்கில் வழியில்லாத சுத்த சைவம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அசைவக்காரர்களுக்கு டின் பில்சர்ட் (மத்தி வகை மீன்) மலிவான நல்ல உணவு. மீன்கொழுப்பில் உள்ள ஒமேகா-3 பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கணக்கில், 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. வாரம் இரண்டு முறை, முள்ளோடு மசித்துக் குழம்பு வைத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம்; தவிர்த்துவிடுங்கள்.

தொற்று

கிருமி கர்ப்பப்பைப் பக்கம் வந்தால் உடம்பு அதை எதிர்க்கச் சுரக்கும் பொருள்களே வாயை இளக்கி, பனிக்குடச் சவ்வை நலியச் செய்து, வலியைத் தூண்டும். சீக்கிரமாக, 32 வாரத்துக்கு முன் வரும் குறைப்பிரசவங்களில் தொற்றின் கை அதிகம்.

சிறுநீரில் கிருமி இருந்தும் எரிச்சலே இல்லாமல் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அத்தகைய கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கிருமி சிறுநீரகம்வரை ஏறிக் குளிர்காய்ச்சலாக முற்றும். அதிலிருந்து வலி தொடங்குவது சகஜம். அதனால்தான் ஒவ்வொரு வருகையிலும் சிறுநீர் கேட்கிறார்கள். கொடுக்கும் முறை முக்கியம்: முன்னிருந்து பின்னாகத் துடைத்துக்கொள்ளுங்கள், முதல் கொஞ்சத்தைக் கழிவறையில் விடுங்கள், நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள், மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள், உடனே கொடுங்கள். காலையில் பிடித்து வெயிலில் டாக்சியில் கொண்டுபோன பாட்டிலில் வழியிலேயே கிருமி பெருகி, சோதனை பொய் சொல்லும். மருந்து கொடுத்தால் எரிச்சல் நின்ற மறுநாளே நிறுத்தாதீர்கள். கடைசி மாத்திரை வரை போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப்படுவது கர்ப்பத்தில் கூடத்தான் செய்யும். நிறம் சாம்பலாக மாறி மீன்வாடை அடித்தாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்தாலோ காட்டுங்கள். உள்ளே டெட்டால் தண்ணீர் விட்டுக் கழுவும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே காவலிருக்கும் நல்ல கிருமிகள் செத்துவிடும். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைகள் எல்லோருக்கும் உண்டு. யாரையும் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை. சிஃபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி, கணவருக்கும் சேர்த்து. அவர் போட்டுக்கொள்ளாவிட்டால் திரும்பத் தொற்றிவிடும். எச்.ஐ.வி. மருந்தில் டோலுடெக்ராவிர் இருந்தால், இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளோடு சேர்ப்பதாயின் சாப்பாட்டோடு மட்டுமே; வெறும் வயிற்றில் சேர்த்தால் மருந்து ஏறாது. ஈறில் ரத்தம் வருபவர்கள் பல் டாக்டரிடம் போகலாம். கர்ப்பத்தில் பல் சிகிச்சைக்குத் தடையில்லை.

உணவு வழியாகத் தொற்றும் லிஸ்டீரியா கிருமியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017, 2018-ல் தென்னாப்பிரிக்காவில் பரவியது உலகம் அதுவரை கண்ட மிகப் பெரிய லிஸ்டீரியா பரவல். ஆய்வகத்தில் உறுதியானவர்களே ஆயிரத்துக்கு மேல், இறந்தவர்கள் 200-க்கு மேல். பாதிக்கப்பட்டவர்களில் பச்சிளம் குழந்தைகள் மிக அதிகம். 2018 மார்ச்சில் மூலம் தெரிந்தது: பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி. தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சல், உடல்வலி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அவ்வளவோடு போய்விடும். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும். கருச்சிதைவோ குறைப்பிரசவமோ குழந்தை இறந்து பிறப்பதோ அதன் பின்விளைவு. மற்ற கிருமிகள் முடங்கும் ஃபிரிட்ஜ் குளிரிலும் இது பெருகும். அதனால் பொலோனி, வியன்னா, குளிர்ந்த ஹாம் சாண்ட்விச், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் எதுவும் பிரசவம் முடியும்வரை வேண்டாம். ராத்திரி மிஞ்சிய பிரியாணியைக் கொதிக்கக் கொதிக்க ஆவி பறக்கும்வரை சூடாக்கிச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் ‘ஃப்ளூ’ என்று படுத்துக்கொள்ளாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கர்ப்பப்பை வாய்

18 முதல் 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேனில் வாயின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் குறைப்பிரசவ அபாயம் ஏறுகிறது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இதற்குத் துல்லியம் போதாது. குட்டையாக இருந்தால் தினமும் ராத்திரி 200 மி.கி. புரோஜெஸ்ட்டரோன் உள்ளே வைக்கச் சொல்வார்கள். முன்பு வாரம் ஒருமுறை போட்டுவந்த ஒரு புரோஜெஸ்ட்டரோன் ஊசியை, பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவில் 2023 ஏப்ரலில் விலக்கிக்கொண்டார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். நான்கு ஐந்து மாதத்தில் வலியில்லாமல் கரு நழுவிய வரலாறு இருப்பவர்களுக்குத் தையல்.

படுக்கையிலேயே கிடக்கச் சொல்வது பலன் தராது. குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக எந்த ஆய்விலும் தெரியவில்லை. காலில் ரத்தம் உறையும், தசை வற்றும். “தையல் போட்டிருக்கிறது, பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்காதே” என்று அன்பினால் சொல்கிற மாமியாரிடம் இதை டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

வேலை, வெயில், புகை

நின்றுகொண்டே தையல் ஆலையிலும் கடையிலும் வேலை செய்பவர்கள், ராத்திரி ஷிஃப்ட்காரர்கள், முதலாளிக்கு எழுத்தில் கர்ப்பத்தைத் தெரிவியுங்கள். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஆபத்தான வேலையைத் தடுக்கிறது; ராத்திரி வேலைக்கு மாற்றும் கேட்கலாம். வெயிலும் ஒரு காரணம்தான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வந்த கட்டுரை, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதமும் வெப்ப அலை நாள்களில் 16 சதவீதமும் கூடுவதாகக் காட்டியது. தைப்பூசக் காவடி வருவது டர்பன் புழுக்கத்தின் உச்சத்தில். நேர்த்திக்கடன் இருந்தால் இந்த வருடம் வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்; நீங்கள் தண்ணீர் பாட்டிலோடு நிழலில் இருந்து கும்பிடுங்கள்.

சிகரெட், மூக்குப்பொடி, ஹப்லி பப்லி (ஹூக்கா) எதுவும் கூடாது. ஹப்லியில் புகை தண்ணீர் வழியாக வருவதால் சுத்தம் என்பது பொய். கார்பன் மோனாக்சைடு அப்படியே உள்ளே போகிறது. கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் புகையும் கணக்கில் சேரும். மதுவுக்குப் பாதுகாப்பான அளவு கிடையாது. பக்கத்துவீட்டுக்காரர் அன்பாகத் தரும் இசிஷ்லம்பெசோ போன்ற மூலிகைக் கஷாயங்களில் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் சரக்குகள் இருக்கலாம், விளக்கெண்ணெய்க்கும் அதே குணம். அடி, மிரட்டல் நடக்கும் வீட்டில் குறைப்பிரசவ அபாயம் கூடும். அதற்கு உதவி கேட்க 0800 428 428 இலவச எண், நாள் முழுக்க எடுப்பார்கள்.

வலி வந்தால்

ஒரு மணி நேரத்துக்குள் வயிறு ஆறு தடவைக்கு மேல் கல்லாக இறுகினாலோ, மாதவிலக்கு போல் இடுப்பு விட்டுவிட்டு வலித்தாலோ, கீழே அழுத்துவது போலிருந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ உடனே கிளம்புங்கள். “சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்போம்” என்று விடியும்வரை காத்திருப்பது நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. நிறைமாதத்தில் அது பொறுக்கும். 30 வாரத்தில் அந்த ஆறு மணி நேரம்தான் குழந்தையின் நுரையீரலுக்கான நேரம். நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 12 மி.கி. வீதம் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. பொதுவாக 24 முதல் 34 வாரத்துக்குள். முழுப் பலனுக்கு ஒரு நாள் வேண்டும். நிஃபெடிபின் கொடுத்து வலியைத் தள்ளிப்போடுவதே இந்த அவகாசத்துக்காக. 32 வாரத்துக்குக் கீழே என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்ஃபேட்டும் ஏற்றுவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் எண் ஏறும். இன்சுலினைக் கூட்டச் சொல்லி நினைவூட்டுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. பக்கத்துக் கிளினிக்கில் பிரசவம் நடந்துவிட்டுக் குழந்தையை இன்குபேட்டரில் அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயை மாற்றுவது நல்லது. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை என்று உங்கள் கிளினிக் எங்கே அனுப்பும் என்பதை 24-ஆம் வாரமே கேட்டு, புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பிறந்த பிறகு

குழந்தையின் நிலை இடம்கொடுத்தால் உடனே நெஞ்சோடு தோல்படக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறையைக் கேளுங்கள். நிலை சீராகும்வரை காத்திராமல் தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்ததாக 2021-ல் ஐந்து நாட்டு ஆய்வு காட்டியது. நாளுக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் 24 மணி நேரமும். பால் வரவில்லை என்று கலங்க வேண்டாம். முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்கி, இரவும் சேர்த்து நாளுக்கு எட்டு முறை தொடருங்கள்.

வீடு திரும்பும்போது கேட்டு வாங்க வேண்டியது ஒரு தாள்: எந்த வாரம், எப்படித் தொடங்கியது, நஞ்சுக்கொடியிலோ ரத்தத்திலோ தொற்று தெரிந்ததா, சிசேரியன் என்றால் வெட்டு எந்த விதம். அடுத்த கர்ப்பத்துக்கு 18 மாதமாவது இடைவெளி விடுங்கள். பிரசவம் ஆகி ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரிப்பதே குறைப்பிரசவத்துக்கு ஒரு காரணம். கருத்தடை ஊசியோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்போ எது வேண்டும் என்பதை வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம். அரசு மருத்துவமனையில் அதற்கும் காசு இல்லை.